மூன்றாம் பதிப்பில் இருப்பவர்

மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவந்த அன்றே அதற்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் அதை எழுதியவர்கள்தான். மற்றவர்கள் பழையதிலேயே இருக்கிறார்கள். சர்வரில் கைவைக்க மேலிடத்து அனுமதி வேண்டும், ஆடிட் முடிய வேண்டும், பக்கத்தில் ஓடும் இன்னொரு மென்பொருள் பழைய பதிப்போடு மட்டும்தான் பேசும். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது நின்றுபோனால் நம் டாக்ஸைத் திறப்பவரும் இப்படிப் பழைய பதிப்பில் இருப்பவர்தான்.

டாக்ஸ் எழுதும் வேலையிலிருந்து ஓய்வுபெறப் போகிற நேரத்தில் இதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. என் இடத்துக்கு வரப்போகும் தம்பி கூட்டத்தில் கேட்டார்: "பழைய வெர்ஷன் டாக்ஸ் எதுக்கு சார்? லேட்டஸ்ட் மட்டும் போதுமே, பில்ட் டைம் மிச்சம்." மேலாளர் தலையாட்டினார். டாக்ஸ் தானாக ஜெனரேட் ஆகிவிடுகிறது என்று மனதார நம்புகிறவர் அவர். ஜெனரேட் ஆவது ஹெச்டிஎம்எல் மட்டும்தான் என்று எத்தனை தடவை சொல்வது?

ஃப்ரேம்மேக்கரில் பிடிஎஃப் போட்ட காலத்தில் இந்தச் சண்டையே கிடையாது. பதிப்பு எண் அட்டையிலேயே இருக்கும். வாங்கியவரிடம் அவர் பதிப்பின் புத்தகம் இருக்கும், யாரும் அதைப் பிடுங்க முடியாது. வலைத்தளத்துக்கு வந்த பிறகுதான் பிடுங்குவது சுலபமாயிற்று. 2008-ல் கியோர்க் பிராண்டில் பைத்தான் டாக்ஸுக்காக ஸ்பிங்க்ஸ் என்ற கருவியை வெளியிட்டபோது, 'வெர்ஷன்ஆடட்', 'வெர்ஷன்சேஞ்ட்' என்ற குறிகளையும் உள்ளேயே வைத்தார். ஓர் ஆப்ஷன் எந்தப் பதிப்பில் வந்தது, எதில் மாறியது என்று அதன் அடியிலேயே ஒரு வரி. எழுத அரை நிமிஷம் ஆகாது. இப்போது ரிவ்யூவுக்கு வரும் பக்கங்களில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

என்னை அதிகம் படுத்தியது பக்கத்தின் மேல்மூலையில் இருக்கும் பதிப்பு டிராப்டவுன். வெளியிலிருந்து பார்த்தால் அற்ப விஷயம். நாலாம் பதிப்பில் 'பேக்கப்பை மீட்டெடுத்தல்' பக்கத்தில் நிற்கிறீர்கள். உங்களிடம் இருப்பது மூன்றாம் பதிப்பு. டிராப்டவுனில் அதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். மூன்றில் அந்தப் பக்கத்துக்கு வேறு பெயர், வேறு ஃபோல்டர், போதாக்குறைக்கு அது 'நிர்வாகம்' என்ற நீளமான பக்கத்தின் நடுவில் ஒரு உபதலைப்பு. சோம்பேறி டிராப்டவுன் யுஆர்எல்லில் எண்ணை மட்டும் மாற்றி 404-ல் தள்ளும். அதைவிடக் கொஞ்சம் மரியாதை தெரிந்தது முகப்புக்கு அனுப்பும். இரண்டும் எனக்கு ஒன்றுதான். முகப்பில் போய் விழுந்தவர் அங்கிருந்து மறுபடி தேட மாட்டார், சப்போர்ட்டுக்குப் போன் போடுவார்.

இதற்குக் கருவி கிடையாது. எந்தப் பக்கம் எந்தப் பதிப்பில் எதுவாக இருந்தது என்று ஆள் உட்கார்ந்து எழுத வேண்டும். அந்தப் பட்டியலை ஒவ்வொரு ரிலீஸுக்கும் நான் கையால் வளர்த்தேன். ஒரு பக்கம் இரண்டாகப் பிரிந்தால் பழையது எந்தப் பாதிக்குப் போக வேண்டும்? இரண்டு ஒன்றானால் எந்த ஆங்கர்? பக்கமே ஒழிந்துபோயிருந்தால், 'இந்த வசதி நாலாம் பதிப்பில் நீக்கப்பட்டது, பதிலுக்கு இதைப் பாருங்கள்' என்று ஒரு சின்னப் பக்கமாவது வேண்டாமா? படித்துப் புரிந்துகொண்டவர்தான் இதைத் தீர்மானிக்க முடியும். போஸ்ட்கிரெஸ் டாக்ஸைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், அதே பக்கம் இருக்கும் மற்றப் பதிப்புகளின் வரிசை. ஆதரவு முடிந்தவை தனியாக, முடிந்தது என்ற குறிப்போடு. காலாவதியானவற்றை ஒளித்துவைக்கவில்லை, அழிக்கவும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் அதைக் காட்டியபோது, டிசைன் பழசாக இருக்கிறது என்றார்கள்.

பைத்தான்காரர்கள் 2012-ல் ஒரு டாக்ஸ் முகவரிக்காகவே தனி பெப் (பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு) எழுதினார்கள், எண் 430. முகப்பு இனி பைத்தான் 3-ஐக் காட்டட்டும், ஆனால் எண் இல்லாமல் உள்ளே போகும் பழைய லிங்குகள் பைத்தான் 2 பக்கங்களுக்கே போக வேண்டும் என்பது அதன் சாரம். அந்த லிங்குகளைப் புத்தகங்களிலும் இணையப் பதில்களிலும் எழுதி வைத்தவர்கள் 2-ஐ மனதில் வைத்துத்தானே எழுதினார்கள்! 1998-லேயே டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரியில் 'லேட்டஸ்ட்' போன்ற நிலையைக் குறிக்கும் சொல் வேண்டாம், நிலை மாறிவிடும் என்று எழுதியிருக்கிறார். இதில் மட்டும் அவரோடு நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. அப்படி ஒரு முகவரியும் வேண்டும், எண் போட்ட முகவரியும் வேண்டும். எது மூல முகவரி என்று காட்டும் கேனானிக்கல் குறியை ஒழுங்காக வைத்தால் கூகுள் குழம்பாது.

இன்னொன்று. பழைய பிராஞ்சை ஒவ்வொரு தடவையும் புதிதாக பில்ட் செய்யாதீர்கள். 2022 மார்ச்சில், ஸ்பிங்க்ஸ் சார்ந்திருக்கும் ஜிஞ்சாவின் 3.1 பதிப்பு வந்தது. சார்புகளின் எண்ணைப் பூட்டி வைக்காத பழைய ஸ்பிங்க்ஸ் பில்டுகள் பல அப்போது உடைந்தன. பில்ட் ஆன ஹெச்டிஎம்எல்லை அப்படியே உறைய விடுங்கள். பதிப்புகளின் பட்டியலை மட்டும் வெளியே ஒரு ஜேசன் கோப்பில் வைத்து, பக்கம் திறக்கும்போது படிக்கச் செய்யுங்கள். தம்பி சொன்ன பில்ட் டைம் அங்கேயே மிச்சமாகிவிடும், யார் டாக்ஸையும் அழிக்க வேண்டாம்.

'மத்ததை ஏஐ பாத்துக்கும்' என்று கூட்டத்தில் இன்னொருவர் சொன்னார். எங்கள் சாட்பாட்டிடம் பேக்கப் மீட்பதைப் பற்றிக் கேட்டேன். மூன்றாம் பதிப்பின் கமாண்டையும் நாலாம் பதிப்பின் கான்ஃபிக் பெயரையும் சேர்த்து, சரளமாக, எந்தப் பதிப்பிலும் ஓடாத ஒரு பதில் தந்தது. அதன் மேல் குற்றமில்லை. அது பக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் எடுக்கிறது, துண்டுக்குள் பதிப்பு எண் இல்லை. இருந்ததெல்லாம் டிராப்டவுனில், ஜாவாஸ்கிரிப்டுக்குள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் 'இது 3.x-க்கு' என்று நான் போட்டிருந்த வரியை, பக்கம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று டிசைன்காரர்கள் எடுத்துவிட்டார்கள். திரும்பப் போடச் சொல்லி டிக்கெட் எழுதியிருக்கிறேன். முன்னுரிமை: குறைவு.