வேளாங்கண்ணிக் கரையின் மீன் வறுவல்: மஞ்சக்குட்டைக்கு ஒரு கடிதம்

வேளாங்கண்ணி



கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்குப்படி, பதினான்கு வயது நிறைந்தோர் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்க வேண்டும். பழைய தலைமுறையினர் சுத்தபோசனம் என்று வழங்கும் இவ்விலக்கு ஆடு, மாடு, கோழி முதலியவற்றின் இறைச்சிக்கு உரியதேயன்றி மீனுக்கு உரியதன்று. இதனை அடியொற்றியே அமெரிக்காவின் விஸ்கான்சின், ஒஹாயோ முதலிய மாநிலங்களில், தவக்கால வெள்ளி மாலைகளில் பங்குக் கோயிலின் மண்டபத்தில் மீன் வறுத்து விற்கும் வழக்கம் வளர்ந்தது. அங்கே பங்கு மக்களே, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள இறைமக்களே, சமைத்துப் பரிமாறுகின்றனர். கிடைக்கும் பணம் கோயில் செலவுக்கும் பள்ளிக்கும் அறப்பணிக்கும் சேர்கிறது. அவ்வழக்கத்தின் வலிமைக்கு ஒரு சான்று உண்டு: சின்சினாட்டியில் மெக்டொனால்ட்ஸ் கடை நடத்திய லூ குரோன், கத்தோலிக்க வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமைகளில் வராமையால் விற்பனை சரிவதைக் கண்டு, 1962இல் மீன் வைத்த பன்னை விற்கத் தொடங்கினார்.

தமிழ்க் கத்தோலிக்கரிடம் இவ்வழக்கம் இவ்வடிவில் வேரூன்றவில்லை. தவக்காலத்தில் மீனையும் சேர்த்து விலக்கும் குடும்பங்கள் இங்கே பல. புனித வெள்ளியன்று கோயில் வளாகத்தில் கஞ்சி வழங்கும் ஊர்களும் உண்டு. தென்மாவட்டத் திருவிழாக்களில் அசனம் எனப்படும் பொது விருந்து விலையின்றி அளிக்கப்படுகிறது. ஆயினும் கோயிலையும் வறுத்த மீனையும் ஒருங்கே நினைக்கச் செய்யும் ஊர் ஒன்று தமிழகத்தில் உண்டென்றால் அது வேளாங்கண்ணியே என்னும் எண்ணத்துடன், சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டையிலிருந்து நண்பர் இருவர் சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, செப்டம்பர்ப் பெருவிழாக் கூட்டம் வடிந்தபின் இக்கரையை அடைந்தனர்.

ஆகஸ்ட் 29இல் கொடியேறி, மரியாவின் பிறந்த நாளாகிய செப்டம்பர் 8இல் நிறைவுறும் அப்பெருவிழாவின் தோற்றமும் கடலோடு பிணைந்தது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் மாதாவை வேண்டி இக்கரையில் உயிர்பிழைத்து, நன்றிக்கடனாகச் சிற்றாலயம் எழுப்பினர் என்பது மரபுவழிச் செய்தி. அவ்வாலயத்தின் வழிவந்த கோயில் 1962இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானால் பேராலயம் என்னும் சிறப்பு நிலைக்கு உயர்த்தப்பட்டது. மொட்டையிட்டு, மெழுகுவர்த்தியும் தென்னங்கன்றும் காணிக்கையாக்கி நேர்த்தி முடித்தவர்கள் அடுத்து நாடுவது கடற்கரையை. அவ்வழிநெடுகிலும் மிளகாய்ச் சிவப்பேறிய மீனும் இறாலும் நண்டும் தட்டுகளில் அடுக்கியிருக்க, வேண்டியதைக் காட்டினால் அப்போதே எண்ணெயில் இட்டுத் தருகின்றனர். இவை கோயில் நடத்தும் கடைகள் அல்ல. கோயிலுக்கு வருவோரை நம்பி வாழ்வோரின் கடைகள்.

நண்பர்கள் மதிப்பீட்டுக்கு நான்கு அளவைகளை வகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண் வைத்தனர். முதலாவது, மீனின் புதுமை: மசாலா பூசிய மீனில் கண்ணும் செவுளும் தம் நிலையை மறைத்துவிடும் என்பதால், பூசாத மீனைக் கேட்டு வாங்கி, செவுள் சிவந்திருப்பதையும் விரலால் அழுத்திய தசை உடனே மீள்வதையும் பார்த்து 9 அளித்தனர். பனிக்கட்டிப் பெட்டியில் மலையேறி வரும் மீனையே உண்டு பழகிய ஏற்காட்டு நாவுக்கு, அன்று பிடித்த சங்கராவின் இனிப்பு புதிய செய்தியாகவே இருந்தது. இரண்டாவது, மசாலா: மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு ஆகியவை கீறல்களுக்குள் இறங்கும்வரை ஊறியிருந்தமையால் 8. வஞ்சிரத் துண்டே சிறந்தது என்று ஒருவரும், முள்ளோடு முழுதாக வறுத்த சங்கராவே சிறந்தது என்று மற்றவரும் நின்ற கருத்து வேறுபாடு இறுதிவரை தீரவில்லை.

மூன்றாவது அளவையாகிய எண்ணெய்க்கு 6 மட்டுமே கிடைத்தது. மீண்டும் மீண்டும் காய்ச்சப்படும் எண்ணெயில், அது சிதைவதால் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் பெருகுகின்றன. அவை 25 விழுக்காட்டைக் கடந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலை முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. அளவியின்றி அதனைக் கணிக்க இயலாதெனினும், மாலையில் வாணலியின் எண்ணெய் கருத்து நுரைத்ததால் மதிப்பெண் குறைந்தது. ஆகவே எண்ணெய் மாற்றிய முற்பகலில் உண்பதே நன்று. நான்காவது, பந்தி: காவி உடையில் நடந்து வந்த பயணியும், சிற்றுந்தில் வந்த குடும்பமும், வேற்றுச் சமயத்தாரும் ஒரே விசுப்பலகையில் தோளோடு தோள் அமர்ந்து உண்ணும் காட்சிக்கு 9. ஆக, 40க்கு 32.

ஆனால் இக்கரையின் மீனை நாவால் மட்டும் அளப்பது நீதியாகாது. 2004 டிசம்பர் 26இல், கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஆழிப்பேரலை இதே கடற்கரையில் பயணிகளையும் கடைக்காரர்களையும் பெருந்திரளாக வாரிச் சென்றது. அதற்குப் பின்னும் அடுப்பு மூட்டி எழுந்த தொழில் இது. இன்றும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்பதால், மீன்வரத்து சுருங்குகிறது. நம்பிக்கையால் வருவோரும் உழைப்பால் வாழ்வோரும் ஒருவரையொருவர் தாங்குவதே இவ்வறுவலின் உண்மைச் சுவை.

அதனை மலையிலும் காண முடியும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள். தவக்கால வெள்ளியொன்றில் சேர்வராயன் மலைப் பங்குகளின் அன்பியங்கள், அதாவது அண்டை வீட்டார் கூடிச் செபிக்கும் சிறுகுழுக்கள், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கட்லாவையும் ரோகுவையும் வருவித்து, மீனைத் தவிர்ப்போருக்குக் கஞ்சியும் சேர்த்து, ஒரு பொதுப்பந்தி நடத்தலாம். ஏழைகளுக்கு உதவ 1833இல் பாரிசில் தோன்றிய வின்சென்ட் தே பவுல் சபையின் கிளைகளிடம் வருவாயை ஒப்படைத்தால், அது காப்பித் தோட்டத் தொழிலாளர் வீடுகளைச் சென்றடையும். எண்ணெயை மட்டும் அன்றன்று மாற்றுக.

அன்புடன்,
மஞ்சக்குட்டைப் பயணிகள் இருவர்