நுவரெலியாப் புற்றரையிலே

ஹட்டன் வழியாகவோ இறம்பொடை வழியாகவோ மலையேறி நுவரெலியாவை அடையும் நாம், நகரின் நடுவே விரிந்து கிடக்கும் கொல்ப் மைதானத்தைக் காணாது திரும்புதல் அரிது. 1889ஆம் ஆண்டில் தோன்றிய கழகத்துக்குரியது அது. சைப்பிரசு மரங்களும் யூக்கலிப்டசு மரங்களும் இருமருங்கும் காவல் நிற்க, 18 குழிகளை நோக்கிப் புற்றரை வளைந்து செல்கின்றது.

கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் அதிக உயரத்திலுள்ள இவ்விடத்துக் காற்று அடர்த்தி குறைந்தது. ஆகையால், கொழும்பில் அடிக்கும் அதே அடிக்குப் பந்து இங்கே கூடுதலான தூரம் பறக்கும். விடுமுறைக்கு வந்து ஆடுவோர் அதனைத் தம் புது மட்டையின் பெருமையென எண்ணி மகிழ்வதுண்டு. ஆனால், கோணலாக அடித்த பந்து எவ்வளவு தூரம் பறந்தாலும் மரங்களிடையே மறைவதே மிச்சம்.

பணம் எவ்வளவு இருப்பினும், ஆட்ட விதி 14 மட்டைகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. குழியருகே பந்தை உருட்டுவதற்கோ ஒரு மட்டையே போதும். தேர்ந்த ஆட்டக்காரருக்கென வகுத்த கணக்கிலேயே குழியொன்றுக்கு உருட்டும் அடிகள் இரண்டு. 18 குழிகளுக்கு 36. ஏறத்தாழ ஆட்டத்தின் பாதி! பொழுதுபோக்காக ஆடுவோர் பலர் பயிலாது விடுவதும் இதனையே.

ஆட்டத்தைத் திருத்த விரும்பும் அன்பர்கள், கடைக்குச் செல்லுமுன், குழிக்கு ஆறடி தள்ளி நின்று நாளும் சிறிது நேரம் பந்தை உருட்டிப் பழகுவார்களாக. செலவோ சிறிது, பயனோ பெரிது.