சவுலும் தாவீதும் நானும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

சாவடி என்பது வழிப்போக்கர் இளைப்பாறிச் செல்லும் இடம். அந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது எங்கள் வேலப்பன்சாவடி. சென்னையிலிருந்து பூந்தமல்லி செல்லும் நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டி வரும் ஊர். இன்று இங்கே இளைப்பாற நினைப்பவன் சாலையைக் கடந்து உயிரோடு மறுபக்கம் சேர்ந்தாலே போதும். மருத்துவக் கல்லூரிகளுக்கு வரும் பேருந்துகள், திருவேற்காட்டு கருமாரியம்மன் கோயிலுக்குச் செல்லும் வேன்கள், இரவெல்லாம் ஓயாத லாரிகள். இவற்றுக்கு நடுவே, ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் சிறிய தேவாலயம். நான் சொல்ல வந்த செய்தி அங்கே நடந்தது.

இந்த மலரைப் புரட்டும் நண்பர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர் என்பதை அறிவேன். ஆகவே வேதாகமக் கதைகளைச் சற்று விளக்கியே சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் பொறுத்தருள்க.

சென்ற ஆகஸ்டு மாதம் எங்கள் சபையில் வாலிபர் ஞாயிறு கொண்டாடப்பட்டது. ஆராதனையில் பத்து நிமிடம் பேசும்படி என்னைப் பணித்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: 'வேதாகம மாந்தரின் குறைகளும் இன்றைய வாலிபர்களுக்கு அவை தரும் பாடங்களும்'. பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவன் என்ற செருக்கு எனக்கு உண்டு. ஒரே இரவில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

பொருளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வேதத்தில் குறையில்லாத மனிதரைத் தேடுவதுதான் கடினம். நோவா குடித்து வெறித்துக் கிடந்தார். யாக்கோபு தன் குருட்டுத் தகப்பனையே ஏமாற்றி ஆசீர்வாதம் வாங்கினான். மோசே கொலை செய்து மணலில் புதைத்தார். இவர்களில் யாருடைய குறையும் மறைக்கப்படவில்லை. அரசவைப் புலவன் எழுதிய வரலாறாக இருந்தால் இவை ஏட்டில் ஏறியிருக்குமா? வரலாற்று மாணவன் என்ற முறையில் எனக்கு வியப்பளிப்பது இதுதான். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தாவீது அரசனின் வரலாறு எங்கள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. நாளாகமம் என்ற நூல் அவனுடைய மிகப் பெரிய பாவத்தைப் பற்றி மூச்சுவிடாமல் தாண்டிச் செல்கிறது. சாமுவேலின் இரண்டாம் புத்தகமோ ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறது. இரண்டும் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. மறைத்த ஏடும் மறைக்காத ஏடும்!

மறைக்காத ஏடு சொல்லும் கதை இது. போர்க்காலம். படையைக் களத்துக்கு அனுப்பிவிட்டு அரசன் அரண்மனையில் தங்கிவிட்டான். மாலையில் மாடியில் உலாவியபோது, குளித்துக்கொண்டிருந்த பத்சேபாளைக் கண்டான். அவள் அவனுடைய வீரருள் ஒருவனான உரியாவின் மனைவி. அழைத்துவரச் செய்தான். அவள் கருவுற்றதும், மறைப்பதற்காக உரியாவைக் களத்திலிருந்து வரவழைத்து வீட்டுக்குப் போகச் சொன்னான். தோழர்கள் வெட்டவெளியில் படுத்திருக்கும்போது தான் மட்டும் வீட்டில் சுகிப்பதா என்று உரியா அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொண்டான். கடைசியில் தாவீது ஓர் ஓலை எழுதினான். உரியாவைப் போர்முனையில் தனியே விட்டு வெட்டுண்டு சாகச் செய்யும்படி தளபதிக்கு ஆணை. அந்த ஓலையை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான்.

பிறகு நாத்தான் என்ற தீர்க்கதரிசி வந்தார். அரசனைக் குற்றம் சாட்டாமல் ஒரு வழக்கைச் சொன்னார். ஏராளமான மந்தை உடைய செல்வன் ஒருவன், தன் விருந்தாளிக்குச் சமைக்க, ஓர் ஏழை தன் பிள்ளையைப்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டான் என்றார். தாவீது கொதித்தெழுந்தான். அவன் சாகவேண்டியவன், நான்கு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பும் சொன்னான். அந்தச் செல்வன் நீதான் என்றார் நாத்தான்.

இந்தக் கதையைச் சிலர் பயன்படுத்தும் விதம் எனக்குப் பிடிக்காது. 'தாவீதே தவறினான், நாம் எம்மாத்திரம்' என்று சொல்லித் தம் தவற்றுக்குத் தலையணை போட்டுக்கொள்வார்கள். அப்படிச் சொல்வோர் உரியாவின் பெயரை உச்சரிப்பதில்லை. மத்தேயு அப்படி விட்டுவிடவில்லை. இயேசுபெருமானின் வம்ச வரலாற்றை எழுத வந்தவர், சாலொமோனின் தாயைப் பத்சேபாள் என்று குறிப்பிடாமல் உரியாவின் மனைவி என்றே எழுதிவைத்தார். ஆயிரம் ஆண்டு கழிந்தும் இறந்தவன் பெயர் கணக்கில் இருக்கிறது.

இதுவரை நன்றாகவே எழுதினேன். தாவீதை விளக்க அவனுக்கு முன்னிருந்த சவுல் அரசனை ஒப்பிடலாமே என்று பின்னோக்கிப் புரட்டினேன். அங்கேதான் பேனா நின்றது.

சவுல் அமலேக்கியரை வென்றபோது, எதையும் தனக்கென்று மீத்து வைக்கக்கூடாது என்பது கட்டளை. அவனோ கொழுத்த ஆடுமாடுகளை வைத்துக்கொண்டான். சாமுவேல் தீர்க்கதரிசி வந்தபோது எல்லாம் சொன்னபடியே செய்துவிட்டதாகச் சாதித்தான். அப்படியானால் காதில் விழும் இந்த ஆடுகளின் சத்தம் என்ன என்று அவர் கேட்டார். மக்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று பழியைத் திருப்பினான் சவுல். அதுவும் செல்லாதபோது, தான் பாவம் செய்ததை ஒப்புக்கொண்டான். உடனே ஒரு வேண்டுகோளும் விடுத்தான்: மூப்பர்கள் முன்னால் மட்டும் என் மானத்தைக் காப்பாற்றும், என்னோடு கூட வாரும். முதலில் மறுத்த சாமுவேல், பிறகு மனமிரங்கி அவனோடு போனார்.

தாவீதும் சவுலும் ஒப்புக்கொண்டவர்களே. சவுலின் ஒப்புதலுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தாவீதின் ஒப்புதலுக்கு இல்லை. இதை எழுதியதும் என் கை நடுங்கியது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய டிசம்பரில் கீதபவனிக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. கேரல் ரவுண்ட் என்றால் எல்லோருக்கும் புரியும். கித்தாரும் டிரம்மும் கிறிஸ்மஸ் தாத்தாவுமாக இரவு முழுதும் வீடு வீடாகச் சென்று பாடுவோம். காணிக்கை போடுவார்கள். பெட்டியில் விழும் பணத்தை மூவர் சேர்ந்து எண்ணுவோம். அதில் தவறு நேர வழியில்லை. ஆனால் இப்போது பாதிப்பேர் 'சில்லறை இல்லப்பா, ஜிபே பண்ணட்டுமா' என்கிறார்கள். என் எண்ணைக் கொடுத்தேன். அந்தப் பணம் என் கணக்கில், என் பணத்தோடு கலந்து கிடந்தது. அதை எண்ண என்னைத் தவிர ஆளில்லை. வந்தது 4,650 ரூபாய். நான் நோட்டில் எழுதியது 2,950. மிச்சம் 1,700 ரூபாய்க்கு என் போனின் உடைந்த திரையை மாற்றினேன். கல்லூரிக் கட்டணத்துக்கோ தாயின் மருந்துக்கோ எடுத்திருந்தால் இந்தக் கட்டுரை இன்னும் உருக்கமாக அமைந்திருக்கும். அப்படி இல்லை. திரை.

ஜனவரியில் காணிக்கை கொடுத்தோர் பட்டியலைக் கோயில் சுவரில் ஒட்டினோம். எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா பட்டியலை இரண்டு முறை விரலால் தேடிவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, எம்பேரு விட்டுப்போச்சு போல. ஐந்நூறு போட்டேன். பரவால்ல, ஆண்டவருக்குத் தெரியும்."

அருகே நின்ற சபைப் பொருளாளர் காதில் இது விழுந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர். மாலையில் என்னைத் தனியே அழைத்தார். "போனைக் காட்டு தம்பி" என்றார். "பசங்கதான் ஐயா, டீ செலவுக்குன்னு..." என்று தொடங்கினேன். அவர் பேசவில்லை. கையை நீட்டியபடியே இருந்தார். கொடுத்தேன். புதுத் திரையில் டிசம்பர் மாதத்து வரவுகள் வரிசையாக, பெயரோடு, மணி நிமிடத்தோடு ஒளிர்ந்தன. சவுலின் ஆடுகள் இன்றைக்குப் போனுக்குள் கத்துகின்றன.

"தப்பு பண்ணிட்டேன் ஐயா. கட்டிடறேன். சபையில மட்டும் சொல்லிடாதீங்க. அப்பா தலைநிமிர்ந்து நடக்க முடியாது" என்று அழுதேன். அப்பாவைச் சொன்னேனே தவிர, நினைத்தது என்னைத்தான்.

அவரும் சாமுவேலைப் போலவே என்னோடு வந்தார். மூன்று திருமணங்களில் பந்தி பரிமாறும் வேலைக்குப் போய்ப் பணத்தைக் கட்டினேன். சுவரில் ஒரு துண்டுத்தாள் சேர்ந்தது. 'விடுபட்டவை' என்று தலைப்பிட்டு மூன்று பெயர்கள். எவ்வளவு அழகான சொல்! விட்டவன் யார் என்று அது சொல்வதில்லை. இட்லிக்கடை அக்கா அதைப் பார்த்துவிட்டு, "கரெக்டா தேடி எழுதிட்டியே, நல்ல புள்ள" என்று என்னைப் பாராட்டினார். அன்று இரவு என்னால் உண்ண முடியவில்லை. மறுநாள் உண்டேன். ஏழு மாதத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. பத்து நிமிடப் பேச்சு எழுத உட்காரும் வரை.

பேச்சை வேறு வழியில் திருப்பிவிட எண்ணினேன். பாடத்தில் படித்த பெப்ரீசியஸ் நினைவுக்கு வந்தார். ஜெர்மானியப் போதகர். எங்கள் ஊர் வழியே செல்லும் இதே நெடுஞ்சாலையின் கிழக்குக் கோடியில் உள்ள வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. 1779-இல் அங்கேயே ஒரு தமிழ்–ஆங்கில அகராதியும் அச்சாயிற்று. அவர் தமிழின் சாயல் பின்வந்த மொழிபெயர்ப்புகளிலும் உண்டு. அத்தகையவர், ஊழியப் பணத்தையும் பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தையும் கடனாகக் கொடுத்து, அது திரும்பாமல், முதுமையில் கடனுக்காகச் சிறையும் கண்டார். 1791-இல் மறைந்தார். பணம் கையாளத் தெரியாத பெரியவர் என்று சொல்லி, என் குற்றத்தை அவர் நிழலில் நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். நிற்கவில்லை. அவர் ஏமாந்தவர். நான் ஏமாற்றியவன்.

இன்னொருவர் வந்து வழியை அடைத்துக்கொண்டார்: பேதுரு. இயேசுவைப் பிடித்துச் சென்ற இரவில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டே, அவரை அறியேன் என்று மும்முறை மறுதலித்தவர். மாற்கு எழுதிய நற்செய்தி பேதுருவின் வாய்மொழியைக் கேட்டு எழுதப்பட்டது என்பது திருச்சபையின் பழைய மரபு. மரபு மெய்யானால், அந்த வேலைக்காரப் பெண்ணையும் சேவலையும் பற்றி ஊரெங்கும் சொன்னவர் பேதுருவேதான். திருச்சபையின் தலைவராக இருந்துகொண்டு, ஒவ்வோர் ஊரிலும், புதிதாக வந்தவர்களிடம் அவர் இதைச் சொல்லியிருப்பார். எண்ணிப் பாருங்கள்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் பிழையை உணர்ந்த கணமே அரியணையில் உயிர் நீத்தான். அது ஒரு பெருமை. பேதுருவும் தாவீதும் பிழையோடு நெடுங்காலம் உயிர் வாழ வேண்டியிருந்தது. இதில் எது கடினம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாலிபர் ஞாயிறன்று பேசினேன். தாவீதைச் சொன்னேன், சவுலைச் சொன்னேன். பிறகு 'விடுபட்டவை' என்ற சொல்லுக்குப் பொருள் சொன்னேன். பொருளாளர் தலை குனிந்திருந்தார். அப்பா மூன்றாம் வரிசையில் இருந்தார். அவர் பக்கம் நான் பார்க்கவில்லை.

வீடு வரை அவர் ஒன்றும் பேசவில்லை. இரவு வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டியபடியே கேட்டார்.

"எவ்வளவுடா?"

"ஆயிரத்து எழுநூறுப்பா."

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

போய்விட்டார்.

சகேயு என்ற வரி வசூலிப்பவன் திருந்தியபோது நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தான். தாவீது அந்த ஆட்டுக்குட்டிக்கு விதித்ததும் நான்கு மடங்கே. என் கணக்குக்கு அது 6,800 ரூபாய். அத்தனை பந்திகள் இன்னும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மறுநாள் காலை இட்லிக்கடைக்குப் போனேன். அக்கா திட்டவில்லை. வழக்கம்போல் நான்கு இட்லி வைத்தார். நான் கொடுத்த பணத்தை எப்போதும் பார்க்காமல் டப்பாவில் போடுபவர், அன்று எண்ணிப் பார்த்துப் போட்டார். செல்வனின் மந்தையும் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியும் என்று நாத்தான் சொன்னது யாரை என்று அந்த நேரத்தில் விளங்கியது. ஐந்நூறு ரூபாய்க்கு எத்தனை இட்லி அவிக்க வேண்டும்?

நவம்பரில் வாலிபர் சங்கத் தேர்தல் நடந்தது. கணக்கு நோட்டு பி.காம். படிக்கும் ஒரு தங்கையிடம் போயிற்று. தனியார் எண்ணுக்குப் பணம் வாங்குவதில்லை, சபையின் கணக்குக்கே போக வேண்டும், ஒவ்வொரு காணிக்கைக்கும் ரசீது தரவேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே விதி போட்டுவிட்டார். ரசீது எழுதும் வேலைக்கு ஆள் கேட்டபோது யாரும் கை தூக்கவில்லை. பனியில் நின்று எழுதுவது சள்ளை பிடித்த வேலை. நான் தூக்கினேன். சிலர் சிரித்தார்கள்.

டிசம்பரில் எங்கள் தெருமுனைக்கு வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. அக்கா விழித்திருந்தார். மறுநாளைக்கு மாவு பொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு முழுவதும் கேட்டார். பிறகு முந்தானை முடிச்சிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து, எல்லோரும் பார்க்கப் பெட்டியில் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ரசீது எழுது தம்பி. பேரை ஒழுங்கா எழுது."

எழுதிக் கொடுத்தேன். தெருவிளக்கடியில் பிடித்துப் படித்துப் பார்த்துவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.