உராய்வு என்ற ஒரு சொல்

லண்டன், ஈஸ்ட் ஹாம்



போன வாரம் என் தம்பி மகள் தன் நோட்டுப் புத்தகத்தின் சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். எங்கள் பக்கத்து முறைப்படி எனக்கு மருமகள். சிவகாசியில் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இடப்பக்கம் முழுக்கச் செய்தித்தாள் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. வலப்பக்கத்தில் அவள் கையெழுத்து. இன்றைய செய்தி ஒன்றைப் பழைய இலக்கியம் ஒன்றோடு சேர்த்து வைத்துப் படித்து, நம் சமூகத்தைப் பற்றி என்ன தெரிகிறது என்று எழுத வேண்டும். வகுப்பில் கொடுத்த வேலை அது. கூடப் படிக்கிற பிள்ளைகள் வெள்ளம், தேர்தல், ஆணவக்கொலை என்று எடுத்துக்கொண்டார்களாம். இவள் எடுத்தது பட்டாசு ஆலை வெடி விபத்து. "அத்தை, படிச்சிட்டு நேர்மையாச் சொல்லுங்க. நல்லா இருக்குன்னு சும்மா சொல்லாதீங்க" என்று கீழே ஒரு வரி.

அவள் ஒட்டியிருக்கும் விபத்துச் செய்திகள் இவை: 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையமும் கிச்சநாயக்கன்பட்டியும், ஒரே நாளில். 2024 பிப்ரவரி 17, ராமுதேவன்பட்டி. முதலிப்பட்டித் துண்டு என் தம்பி பீரோவில் மடித்து வைத்திருந்தது; மடிப்பில் கிழிந்து மஞ்சளாகியிருக்கிறது. துண்டுக்குத் துண்டு ஒரு சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறாள்: உராய்வு. மருந்து கலக்கும்போது உராய்வு, மருந்து செலுத்தும்போது உராய்வு. எதிர்ப்பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: "செய்தியில் எழுவாய் உராய்வு. சிலப்பதிகாரத்தில் எழுவாய் அரசன்."

இந்த இரண்டு வாக்கியத்தைப் படித்துவிட்டு அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. கோவலனை வெட்டியது ஒரு காவலனின் வாள். பொய் சொல்லி மாட்டிவிட்டது பொற்கொல்லன். கண்ணகி அந்த இருவரையும் தேடிப் போகவில்லை. விசாரிக்காமல் ஆணையிட்டவன் யாரோ அவன் வாசலுக்கே போய் நின்றாள். நம் செய்தியில் போர்மேன் கைதாகிறார், மேலாளர் கைதாகிறார். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு விட்டது யார்? நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் அத்தனை பேரை உட்கார வைத்தது யார்? வெயில் ஏறிய நேரத்தில் வெடிமருந்தைத் தொட வேண்டிய அவசரம் யாருடைய ஆர்டருக்காக? இந்தக் கேள்விகள் ஒரு பத்தியில் வந்து, மூன்றாம் நாள் மறைந்துபோகின்றன. உராய்வுக்கு முகவரி கிடையாது, சம்மன் அனுப்ப முடியாது.

அடுத்த பக்கத்தில் சிலம்பைப் பற்றி எழுதியிருக்கிறாள். கண்ணகி அழுதுகொண்டு மட்டும் அரசவைக்குப் போகவில்லை, கையில் சான்றோடு போனாள் என்கிறாள். அரசியின் சிலம்பில் முத்துப் பரல், தன் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துக் காட்டியதும் வழக்கு முடிந்தது. பாண்டியன் அந்த இடத்திலேயே தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு உயிர் விட்டான். இதை எழுதிவிட்டு மருமகள் கேட்கிறாள்: வெம்பக்கோட்டைப் பக்கம் புருசனைப் பறிகொடுத்த ஒருத்தி கையில் எந்தச் சிலம்பு இருக்கிறது? கூலி கையில் ரொக்கமாக வருகிறது, சம்பளச் சீட்டு இல்லை. உள்குத்தகை அறையில் வேலை பார்த்தவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருப்பது நிச்சயமில்லை. பெயர் இல்லை என்றால், அவர் அங்கே வேலை செய்தார் என்பதையே குடும்பம் முதலில் நிரூபிக்க வேண்டும். "பதிவேடுதான் நம்ம ஊர்ச் சிலம்பு அத்தை" என்று போனில் சொன்னாள். நான் நாற்பது வருசமாகச் சிலப்பதிகாரம் படிக்கிறேன். எனக்கு இது தோன்றவில்லை.

மதுரையை எரிக்கும்போது கண்ணகி தீக்கடவுளுக்கு நிபந்தனை விதிக்கிறாள்: பார்ப்பனர், அறவோர், பசுக்கள், கற்புடைய பெண்கள், முதியோர், குழந்தைகளை விட்டுவிடு, தீயவர் பக்கம் மட்டும் போ என்று. முதலிப்பட்டியில் என்ன நடந்தது? முதல் வெடிச் சத்தம் கேட்டுச் சுற்றுக் கிராமத்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். உள்ளே இருப்பவர்களைத் தூக்கலாம் என்று வந்தவர்கள், என்னவென்று பார்க்க வந்தவர்கள். அடுத்தடுத்த வெடிப்பில் அவர்களில் பலர் போனார்கள். இறந்த ஏறக்குறைய 40 பேரில் ஆலை வாசலை அதற்கு முன் மிதித்தேயிராதவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பக்கத்தில் மருமகள் விளக்கம் எதுவும் எழுதவில்லை. கண்ணகி விட்டுவிடச் சொன்னவர்களின் பட்டியலை மட்டும் எழுதி, ஒவ்வொன்றாக அடித்திருக்கிறாள்.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது மாதரியைப் பற்றிய பக்கம். கோவலனையும் கண்ணகியையும் ஆயர்சேரியில் அடைக்கலமாக ஏற்று வீடு கொடுத்த மூதாட்டி அவள். நம்பி வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று அவள் பிற்பாடு தீயில் விழுந்து உயிர்விட்ட செய்தி வஞ்சிக் காண்டத்தில், மாடலன் என்ற மறையோன் வாய்வழியாகச் சில வரிகளில் வருகிறது. பாடத்தில் யாரும் அங்கே நிற்பதில்லை. மருமகள் நின்றிருக்கிறாள். காரணம், அவள் தெருவில் ஒரு பெண். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கஷ்டம் என்று தான் வேலை பார்க்கும் இடத்துக்கே கூட்டிப்போனவள். விபத்து நடந்த அன்று இவள் காய்ச்சலென்று வீட்டில் படுத்துவிட்டாள், இவள் சேர்த்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரி திரும்பவில்லை. இரண்டு வருசமாக அந்த அம்மா யார் வீட்டு விசேசத்துக்கும் போவதில்லையாம். நிவாரணப் பட்டியலில் இவளுக்கு இடம் உண்டா? சிலப்பதிகாரம் எழுதிய இளங்கோ மாதரிக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்.

ஒரு துண்டு மட்டும் வேறு வகை. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்த செய்தி. அதன்பின் ஆலைகள் மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தன. எதிர்ப்பக்கத்தில் மணிமேகலை: தீராப் பசியான யானைத்தீ என்னும் நோயால் பன்னிரண்டு ஆண்டு அலைந்த காயசண்டிகை. பசியைத் தீ என்று சொன்ன காப்பியம் அது. "அந்தத் தீக்குப் பயந்து இந்தத் தீக்குப் போகிறோம்" என்று எழுதியிருக்கிறாள். போகிறார்கள் என்று எழுதவில்லை. அவள் கல்லூரிக் கட்டணம் அவள் அம்மா பட்டாசு வேலைக்குப் போய்க் கட்டுவது.

நானும் அந்தப் பிழைப்பில் வளர்ந்தவள்தான். சாத்தூர்ப் பக்கம் கரிசல் காடு; மழை பொய்த்தால் கம்பும் பொய்க்கும். 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பித் தீப்பெட்டி செய்யத் தொடங்கியது அந்த வறண்ட மண்ணுக்குக் கிடைத்த சோறு. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஏழு வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினேன். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து, தூங்கி வழியும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். ராஜம் கிருஷ்ணன் எங்களைப் பற்றிக் 'கூட்டுக் குஞ்சுகள்' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார் என்பதே இங்கே வந்த பிறகுதான் தெரியும். குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது நான் லண்டனில் இருந்தேன். என் வயதுக்காரிகளுக்கு அது தாமதமாக வந்த தீர்ப்பு. என் மருமகள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

நான் இருக்கும் ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஐந்தாவது நிறுத்தம் போ ரோடு. அங்கே செங்கல் கட்டடமாக ஒரு பழைய தீப்பெட்டித் தொழிற்சாலை நிற்கிறது; பிரையன்ட் அண்ட் மே கம்பெனியுடையது. இப்போது அடுக்குமாடி வீடுகள். 1888 ஜூன் 23-ல் அன்னி பெசன்ட், நம் அடையாறில் வந்து வாழ்ந்து மறைந்த அதே அன்னி பெசன்ட், அங்கு வேலை பார்த்த சிறுமிகளின் கூலியையும் அபராதங்களையும் பற்றித் தன் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் உள்ளது பொய் என்று கையெழுத்துப் போடச் சொன்னது கம்பெனி. பெண்கள் மறுத்தார்கள். ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்து வென்றார்கள். அவர்களுடைய தாடை எலும்பை அரித்த வெள்ளைப் பாஸ்பரஸைச் சட்டப்படி ஒழிக்க மட்டும் 1910 வரை ஆயிற்று. வேலைநிறுத்தத்தை நினைவுகூரும் நீலப் பலகை 2022-ல் வைக்கப்பட்டது. அதைப் படமெடுத்து மருமகளுக்கு அனுப்பினேன்.

நம் பக்கமும் எழுத்து வீண்போகவில்லை. அச்சங்குளம் விபத்தில் பசுமைத் தீர்ப்பாயம், பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் தரச் சொன்னது.

மருமகள் நேர்மையாகச் சொல்லச் சொன்னாளே, ஒரு குறையும் சொன்னேன். கண்ணகி எரித்த மதுரையில் வேலைக்காரியும் தயிர்க்காரியும் இருந்திருப்பார்கள். அவர்கள் வீடு என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லையே, தாயி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அதுக்கு ஒரு பக்கம் விட்டிருக்கேன் அத்தை" என்றாள். செய்தியோடு இலக்கியத்தைப் பொருத்தினால் இலக்கியம் மலிந்துபோகும் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பயம் இல்லை. இந்தப் பெண் பதிவேட்டைச் சிலம்பு என்று சொன்ன பிறகு எனக்குக் கண்ணகி வழக்காடும் வழக்குரை காதை முன்னைவிடக் கனமாகிவிட்டது.

நோட்டை முடித்த அன்று ராத்திரி அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்: "உங்க பேரு ரிஜிஸ்டர்ல இருக்காம்மா?" பதினோரு வருசமாக வேலைக்குப் போகும் என் தம்பி பெண்டாட்டிக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் போர்மேனிடம் கேட்டாள். அப்புறம் பார்த்துச் சொல்கிறேன் என்றாராம். இன்னும் சொல்லவில்லை.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர்ப் பக்கம் இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலிருந்து யாராவது பட்டாசு வேலைக்குப் போகிறார்கள் என்றால், இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதிவேட்டில் பெயர் இல்லையென்றால், தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் எழுதச் சொல்லுங்கள். ஒருத்தியாகக் கேட்கப் பயமாக இருந்தால் பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.