சீப்பும் தராசும்

போன வாரம் தம்பி மகன் ஊட்டிக்கு வந்திருந்தான். பெங்களூரில் ரேடியோ கருவிகளைச் சோதிக்கும் வேலை. முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்பைப் பார்க்க ஆசைப்பட்டான், கூட்டிப் போனேன். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் முடிந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே அளவு சாய்ந்த மலைச்சரிவாகப் பார்த்துக் கட்டியதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது.

"இது 326.5 மெகாஹெர்ட்ஸைச் சுற்றிக் கொஞ்ச இடத்தைத்தான் கேட்கும் பெரியப்பா. இப்போ வர்ற ரிசீவர் பத்து மெகாஹெர்ட்ஸ்ல இருந்து ஆயிரக்கணக்கு வரைக்கும் கேட்குது. எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கேட்குதான்னு எப்படித் தெரியும்?" என்றவன், வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து தீப்பெட்டி அளவு உலோகப் பெட்டி ஒன்றை எடுத்தான். கோம் ஜெனரேட்டராம். கோம் என்றால் சீப்பு. நாங்கள் புதுச்சேரிப் பள்ளியில் 'பேஞ்' என்று படித்தது.

உள்ளே ஒரு கிரிஸ்டல், விநாடிக்கு ஒரு கோடி முறை அதிரும். அதாவது 10 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு விசேஷ டையோடு மின்சாரத்தைப் படக்கென்று வெட்டிவிடும். அந்த வெட்டில் ஒரு நானோ விநாடிகூட நீடிக்காத துடிப்பு பிறக்கும். இப்படிச் சீராகத் திரும்பத் திரும்ப வரும் கூர்மையான துடிப்புக்குள் 10, 20, 30, 40 என்று மெகாஹெர்ட்ஸ் வரிசை முழுதும் அடங்கியிருக்கும். திரையில் பார்த்தால் சீப்புப் பல் மாதிரியே நிற்கிறது. துடிப்பு குறுகக் குறுகப் பற்கள் இன்னும் தூரம் போகும். ஒவ்வொரு பல்லின் இடமும் உயரமும் முன்பே அளந்து வைத்தவை. ரிசீவரில் செலுத்தினால், அது எந்த இடத்தில் குறைத்துக் கேட்கிறது என்று தெரிந்துவிடும்.

திரும்பத் திரும்ப வருவது எதுவானாலும் சீரான அலைகளின் கூட்டுத்தான் என்று சொன்னவர் எங்கள் கணக்குப் பாடத்து ஃபூரியே. 1822-இல் புத்தகம் போட்டார். அவரும் அரசாங்க உத்தியோகஸ்தர்தான், அதுவும் மலையடிவார கிரெனோபிளில் பிரெஃபே!

பெட்டியைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய கோப்பு ஞாபகம் வந்தது. ஒரு எஸ்டேட்டில் பச்சை இலை நிறுக்கும் தராசின்மேல் புகார். எங்கள் அலுவலகத்தார் 20 கிலோ படிக்கல்லை வைத்தார்கள். முள் 20-இல் நின்றது. 'சரியாக உள்ளது' என்று குறிப்பு எழுதியது நான்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் புகார். இந்த முறை நானும் போனேன். இலை பறிக்கும் அம்மா ஒருவர், "ஐயா, நாங்க என்னைக்கு ஒரே தடவையில இருபது கிலோ கொண்டாந்தோம்? எட்டு, பத்து, பன்னெண்டு. அதுல வச்சுப் பாருங்க" என்றார்.

வைத்தோம். 8-இல் கால் கிலோ குறைவு. 12-இலும் அப்படியே. 20-இல் மட்டும் சுத்தம்.

அன்றிலிருந்து தராசை மாற்றினார்கள். முந்தைய ஆறு மாதக் கூலிப் பாக்கி மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு நிர்வாகம் நீட்டிய காகிதம், என் கையெழுத்தில் இருந்த அந்தக் குறிப்பு.