ரேடியோவைக் கொன்ற இருவர்

1981 ஆகஸ்ட் 1. அமெரிக்காவில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷம். எம்.டி.வி என்ற புத்தம்புது சேனல் ஆரம்பமாகிறது. ராக்கெட் கிளம்புகிறது, நிலாவில் கொடி நடுகிறார்கள், அப்புறம் முதல் பாட்டு: 'வீடியோ கில்டு த ரேடியோ ஸ்டார்'. பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், பழைய ரேடியோப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போன்ற குரலில் பாடுகிறார். குழுவின் பெயர் தி பகில்ஸ். (மன்ஹாட்டனில் சேனலே வராததால், எம்.டி.வி ஆட்களே நதியைத் தாண்டி நியூ ஜெர்சியில் ஒரு உணவகத்துக்குப் போய்த்தான் தங்கள் சேனலைப் பார்த்தார்களாம்!)

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ராத்திரியில் பகில்ஸ் என்ற குழுவே பாதிதான் இருந்தது. இருந்ததே இரண்டு பேர். அதில் ஒருவர் வேறு குழுவுக்குப் போயாகிவிட்டது.

ட்ரெவர் ஹார்ன், ஜெஃப் டவுன்ஸ். முதலாமவர் பேஸ் கிடார், இரண்டாமவர் கீபோர்டு. 1970களின் நடுவில் டீனா சார்ல்ஸ் என்ற டிஸ்கோ பாடகிக்குப் பின்னால் வாசிக்கும் வேலையில் பழக்கமானவர்கள். ஹார்னுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கிடைத்த மேடையில் எல்லாம் அடுத்தவர் பாட்டை வாசித்தாயிற்று, சொந்தமாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பாப் உலகத்தில் முப்பது என்பது கிட்டத்தட்ட ரிடையர்மெண்ட் வயசு.

அப்போது ப்ரூஸ் வூலி என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு எழுதியதுதான் இந்தப் பாட்டு. ஜே.ஜி. பல்லார்டின் ஒரு அறிவியல் சிறுகதைதான் பொறி. இசையே வழக்கொழிந்துபோன உலகில், மிச்சம் கிடக்கும் சத்தங்களைக் கருவி வைத்துக் கூட்டிப் பெருக்கும் ஒரு ஊமைப் பையனும், யாருக்கும் வேண்டாதவளாகிவிட்ட ஒரு ஆபரா பாடகியும் வரும் கதை. துள்ளலான மெட்டுக்கு அடியில் இப்படி ஒரு சோகம் இருப்பது முதல் முறை கேட்கும்போது பிடிபடாது. வூலி சீக்கிரமே பிரிந்துபோய் தன் குழுவோடு அதே பாட்டைப் பதிவு செய்தார். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஒரு ராக் பாட்டு, அவ்வளவே. ஹார்ன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து மாதக்கணக்கில் அதை இழைத்தார். தன் குரலை வேண்டுமென்றே நசுக்கி, பழைய ரேடியோ மாதிரி ஆக்கினார்.

1979 அக்டோபரில் இங்கிலாந்தில் முதலிடம். ஒரே ஒரு வாரம்தான். ஆனால் ஐலண்டு ரெகார்ட்ஸ் கம்பெனிக்கு அங்கே அதுவே முதல் நம்பர் ஒன். ரஸ்ஸல் மல்கேஹி எடுத்த வீடியோவில், ஒரு மூலையில் கறுப்பு உடையில் கீபோர்டு வாசிப்பவரைக் கவனியுங்கள். பின்னாளில் 'லயன் கிங்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய ஹான்ஸ் ஜிம்மர்! நம் ஊர் பப்பி லஹரி சும்மா இருப்பாரா? 1982ல் 'டிஸ்கோ டான்ஸர்' படத்தில் இதே மெட்டு 'அவ்வா அவ்வா' என்று உஷா உதூப் குரலில் வந்துவிட்டது :)

1980 ஜனவரியில் முதல் ஆல்பம், 'தி ஏஜ் ஆஃப் பிளாஸ்டிக்'. சுமாராகப் போனது. இதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம்.

ஹார்னுக்கு யெஸ் குழு என்றால் உயிர். இருபது நிமிஷப் பாட்டுகள் பாடும் அந்தப் பெரிய குழுவிலிருந்து 1980ல் பாடகர் ஜான் ஆண்டர்சனும் கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனும் விலகினார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே மேனேஜர். காலியான இரண்டு இடத்துக்கும் பகில்ஸ் இருவரையும் அப்படியே தூக்கிப் போட்டார்கள். ஊர்வலத்தில் பின்னால் வந்தவனைப் பிடித்துப் பல்லக்கில் உட்கார வைத்த மாதிரி. 'டிராமா' என்ற ஆல்பம் இங்கிலாந்தில் இரண்டாமிடம் வரை போனது. மேடையில்தான் வினை. ஆண்டர்சனின் உச்சஸ்தாயி ஹார்னுக்கு எட்டவில்லை. ராத்திரிக்கு ராத்திரி கத்திக் கத்தித் தொண்டை கெட்டது. இங்கிலாந்தில் கூட்டத்திலிருந்து கூச்சல்கள். தான் பூஜித்த குழுவின் ரசிகர்களே தன்னைப் பார்த்துக் கூச்சல் போடுவதைக் கேட்டுக்கொண்டு அடுத்த வரியைப் பாட வேண்டும். அதற்குத் தைரியம் வேண்டும், தோற்றுப்போனாலும்.

வருஷக் கடைசியில் யெஸ் கலைந்தது. இரண்டாவது பகில்ஸ் ஆல்பம் ஆரம்பிக்கிற சமயத்தில் டவுன்ஸ் 'ஏஷியா' என்ற குழுவுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களின் முதல் ஆல்பம் 1982ல் அமெரிக்காவில் முதலிடம். ஹார்ன் மிச்சத்தைப் பெரும்பாலும் தானே முடித்து 1981 நவம்பரில் வெளியிட்டார். இங்கிலாந்தில் யாரும் வாங்கவில்லை. அதோடு பகில்ஸ் சரி.

அவர் மனைவி ஜில் சின்க்ளேர்தான், பாடுவதை விட்டுவிட்டு மற்றவர்களுக்குத் தயாரித்துக் கொடு என்று சொன்னவர். கட்டிய மனைவி வாயால் இதைக் கேட்பது எப்படி இருந்திருக்கும்! ஆனால் அவர் கேட்டார். ஏபிசி, ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட், சீல்... எண்பதுகளின் பாதிச் சத்தம் ஹார்னின் கைவேலை. கூச்சலுக்கு நடுவே அவர் நின்று பாடிய அதே யெஸ்ஸுக்கு, ஆண்டர்சனின் குரலில் அவர் தயாரித்துக் கொடுத்த பாட்டு 1984 ஜனவரியில் அமெரிக்காவில் நம்பர் ஒன்.

பகில்ஸ் பாட்டுகளை மேடையில் முழுக் கச்சேரியாக வாசித்தது 2010ல்தான், லண்டனில், முப்பது வருஷம் கழித்து. அப்புறம் 2023ல், எழுபது தாண்டிய ஹார்ன், அதே பெரிய கண்ணாடியோடு, பகில்ஸ் என்ற பெயரில் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். சீலின் கச்சேரிக்கு முன்னால் பாடுகிற குழுவாக. டவுன்ஸ் கூட வரவில்லை. அவர் யெஸ்ஸில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார்.