புறக்கடையில் ஒரு வீடு

நாகர்கோவிலில் எம் மனை 5 சென்டு. அஃதாவது 2178 சதுரவடி. அதன் புறக்கடையில், கணவரை இழந்த அத்தையாருக்குத் தனியடுப்புடன் ஒரு சிறுவீடு எடுக்க விழைந்தோம். பிறர் அடுக்களையில் விருந்தினராய் வாழ்தல் அவருக்கு ஒவ்வாது. 2019-இல் மாநகராட்சியாகிய இந்நகரிலே புதுவீட்டிற்கு அனுமதி வேண்டுமன்றோ? 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்று முறைப்படி, 2500 சதுரவடிக்கு மேற்படாத மனையில் 3500 சதுரவடி வரையுள்ள வீட்டிற்கு முன்னாய்வின்றி இணையவழியே அனுமதி கிடைக்கும் என அறிந்து மகிழ்ந்தோம். பட்டாவோ மறைந்த பாட்டனார் பெயரிலேயே உளது! வாரிசுகள் நால்வர், அத்தையாரும் அவருள் ஒருவரே. தமக்கும் உரிய மண்ணில் ஒரு கூரை எழுப்ப, உடன்பிறந்தார் மூவரின் கையொப்பத்தை அவர் வேண்டி நிற்கின்றார். எந்தையும் பெரிய தந்தையும் இசைந்தனர். சிறிய தந்தையோ, "முதலிற் பாகம் பிரியட்டும்" என்கின்றார். அதுவும் நியாயமே. அத்தையார் இதற்குள் பலாவின் கீழ் அடுப்பிற்குரிய இடத்தைச் சுண்ணாம்பாற் கோடிட்டுவிட்டார்.